மதியம் சொல்லாமல் விட்டது

மீசையை நான் ஒட்ட வெட்டத் தொடங்கியது பட்டாளத்தாரால்தான். அவருடைய மளிகைக் கடைக்கு நேர் எதிரில் என் தையல் கடை. நடுவில், ஒரு வண்டி வந்தால் இன்னொரு வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டிய அளவுக்குத்தான் தெரு. நான் கடை போட்ட முதல் நாள் டீத்தூள் வாங்கப் போனேன். மனிதர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மீசை வாய மறைக்குது. வெட்டிட்டு வா, தர்றேன்" என்றார். கேலி செய்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்று டீ இல்லாமல் இருந்துவிட்டு, மறுநாள் மீசையை வெட்டிக்கொண்டு போனேன்.

பதினேழு வருஷம் பீரங்கிப் படையில் இருந்துவிட்டு வந்தவர். அதனால் அவர் எதைச் செய்தாலும் காரணம் தேடுகிற வேலை எங்களுக்கு இல்லை. 'பட்டாளத்து ஒழுக்கம்' என்று சொல்லி முடித்துவிடுவோம். கடையில் கும்பலாக நின்று கத்தினால் ஒருத்தருக்கும் ஒன்றும் கிடைக்காது. ஒவ்வொருவராக முன்னால் வந்து, நேராக நின்று, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். செல்போனில் பேசிக்கொண்டே வேறு பக்கம் திரும்பி "அரைக் கிலோ சர்க்கரை" என்று சொன்னால் சாயங்காலம் வரைக்கும் நிற்க வேண்டியதுதான். கடைக்கென்று போன் வைத்துக்கொள்ளவே இல்லை. "வேணும்னா நேர்ல வா. ஆளப் பாத்துத்தான் பேசுவேன்" என்பார், அதுவும் பத்துக் கடைக்குக் கேட்கிற குரலில். அந்தி நேரத்தில் கரண்ட் போனால் ஷட்டரை இறக்கிவிடுவார். அலமாரி நிறைய மெழுகுவத்தி இருக்கும், ஒன்றைக்கூட ஏற்ற மாட்டார்.

நானோ குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுகிற ஆள். தையல்காரனுக்கு வாய்தான் ஊசி டப்பா. அதைப் பார்த்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஊசிய எடுத்துட்டுப் பேசுடா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அதட்டுவார். என் தொண்டை மேல் இந்த மனிதருக்கு எவ்வளவு அக்கறை என்று வீட்டில் சொல்லி உருகியிருக்கிறேன்.

இதற்கெல்லாம் மேலே டயர் வெடித்த கதை. அவர் கடையின் பக்கச் சுவரை ஒட்டித் தார்ப்பாய் கட்டிக்கொண்டு பஞ்சர் ஒட்டுகிறவன் ஒருவன் உண்டு. அவனுக்குப் பேரே பஞ்சர்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஆட்டோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான், அது வெடித்தது. நான் என் மெஷினுக்கு அடியில் இருந்தேன். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. பட்டாளத்தார் மட்டும் தராசுத் தட்டில் பருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பருப்பு கீழே சிந்தவில்லை, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பீரங்கிக்குப் பக்கத்துல நின்ன ஆளு, டயருக்கா அசைவாரு?" என்று புதிதாகக் குடிவருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆனால் தெரு அவர் மேல் உயிரையே வைத்திருந்தது இதற்காக இல்லை. நாம் சொன்னதைக் கேட்டு, அதை நினைவில் வைத்துக்கொண்டு, மறுநாள் விசாரிக்கிற மனிதர் அவர். ஒரு நாள் என் மனைவி அந்தக் கடையில் நின்று, அவரிடம்கூட இல்லை, பக்கத்தில் நின்ற நர்ஸம்மாவிடம், மாமியாருக்கு ஒரு வாரமாக இருமல் நிற்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலை நான் கடையைத் திறந்ததும் எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. "டெய்லரே! அம்மாவுக்கு இருமல்னா இன்னும் இங்க உக்காந்து என்ன பண்ற? மெஷின மூடு, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ!" வெட்கமாக இருந்தது. கூட்டிக்கொண்டு போனேன். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். அம்மா அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். ஆறு வருஷமும் அந்த மனிதர் கொடுத்தது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைக்குள்ளே, மூட்டைகளுக்குப் பின்னால், அவருடைய மனைவி பொட்டலம் மடித்துக்கொண்டிருப்பார். எங்கள் எல்லாருக்கும் அக்கா. காலை ஆறரைக்கு உட்கார்ந்தால் ஒன்றரை வரைக்கும் எழ மாட்டார். மிளகாய், மல்லி, சீரகம் என்று கை ஓடிக்கொண்டே இருக்கும், வாய் திறக்காது. ஊரையே அதட்டுகிற மனிதருக்கு இப்படி ஒரு வாயில்லாப் பூச்சி வாய்த்ததே என்று நாங்கள் பரிதாபப்படுவதுண்டு. ஒன்றரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இரண்டு பேரும் உள்ளேயே சாப்பிடுவார்கள். மறுபடி திறக்க மூன்று மணி ஆகும்.

தொற்றுநோய் வந்து ஊரே மாஸ்க் போட்டுக்கொண்டு திரிந்த காலத்தில், முதல் வாரமே ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதித் தொங்கவிட்டார்: 'கடையில் யாரும் பேசக் கூடாது. வேண்டியதைச் சீட்டில் எழுதி வரவும்.' பேசினால்தானே எச்சில் தெறிக்கும், மனிதர் எப்படி யோசித்திருக்கிறார் பார் என்று நாங்கள் மூக்கில் விரலை வைத்தோம். சுகாதார அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து அட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைக் கீழே வைத்துவிட்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த மகள் ஒரு வாரம் இருந்தாள். "கடைய ஒப்படைச்சிட்டு என்னோட வந்திடும்மா" என்று தினமும் சொன்னாள். அக்கா துணிமணியை எடுத்து வைக்கவில்லை. மகள் போன பிறகும் ஷட்டர் மூடியே கிடந்தது. இருபதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவில் நாற்காலி போட்டு நினைவுக் கூட்டம் நடத்துவது என்று முடிவாயிற்று.

அதற்கு மூன்று நாள் முன்னால் பஞ்சர் என் கடைக்கு வந்தான்.

"டெய்லர் அண்ணே, ஒரு விஷயம். தப்பா நினைக்கக் கூடாது."

"தப்பா இருந்தா நினைப்பேன். சொல்லு."

"கடை எனக்குண்ணே."

"எந்தக் கடை?"

முகவாயால் எதிர்ப்பக்கத்தைக் காட்டினான். எனக்குக் கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

"ஐயா வாக்கு குடுத்தாரு. அந்த மாஸ்க் காலத்துல. எனக்குத்தான் எழுத வராதே, சீட்டு இல்லாமப் போய் நின்னேன். 'ஐயா, எனக்கு முட்டி ரெண்டும் போச்சு, இன்னும் எத்தன வருஷம் குந்தி உக்காந்து டயரு கழட்டுவேன்? உங்க காலத்துக்கு அப்புறம் இந்தக் கடைய எனக்கு விடுங்க. இன்னையிலேருந்து குடிக்க மாட்டேன், சத்தியம்'னு சொன்னேன். என் கண்ணையே பாத்தாரு. 'சரி'ன்னாரு. அதுக்கப்புறம் என்ன பண்ணாரு தெரியுமா? ஒரு சோப்பு எடுத்து என் கையில வச்சாரு."

"சோப்பா?"

"சோப்புதான். மொதல்ல சுத்தமாயிட்டு வாடான்னு அர்த்தம். எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சுண்ணே. அன்னைக்கு விட்டதுதான் குடி. இந்தா, கையப் பாருங்க."

பார்த்தேன். பஞ்சர் ஒட்டுகிறவன் கை மாதிரியே இல்லை. நகக்கண்ணில்கூடக் கரி இல்லை. அவன் குடியை விட்டது எங்களுக்கெல்லாம் தெரியும். என்ன மருந்து சாப்பிட்டான் என்றுதான் நான்கு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

"கட்டட ஓனர்கிட்ட சொல்லிட்டேன். 'பட்டாளத்தார் சொல்லியிருந்தா எனக்கும் அதுதான் வார்த்தை. ஞாயித்துக்கிழமை அந்தம்மாவ ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சாவியக் குடுக்கிறேன்'னாரு. அக்காவும் மக வீட்டுக்குத்தான போகப் போகுது?"

அவன் பொய் சொல்கிறவன் இல்லை. அதனால்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் நல்ல மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். அக்கா குடையை மடக்கிக்கொண்டு என் கடைக்குள் ஏறி, அளவெடுக்க வருகிறவர்கள் உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் என் கடைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

"பஞ்சர் வந்தானா தம்பி?"

"வந்தான்க்கா. என்னென்னமோ சொல்றான்."

"அவன் சொல்றது நெஜம். கேட்டான். அவரும் சரின்னாரு."

"அப்புறம் என்ன பண்றதுக்கா?"

"அவருக்குக் காது கேக்காது தம்பி."

நான் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். "கடைசியில அப்படி ஆயிடுச்சா? வயசாகுதில்ல" என்றேன்.

"கடைசியில இல்ல. பட்டாளத்துல ஒரு காது போச்சு. கடை ஆரம்பிச்ச நாலாம் வருஷம் இன்னொண்ணும் போச்சு. நீங்க இங்க கடை போட வந்தீங்களே, அப்பவே சுத்தமாக் கேக்காது. உங்க குரல் எப்படி இருக்கும்னே அவருக்குத் தெரியாது."

ஊசி விரலில் இறங்கியது. மீசை, குண்டூசி, போன், கரண்ட், சீட்டு என்று ஒவ்வொன்றாக என் மண்டைக்குள் வந்து வேறு இடத்தில் உட்கார்ந்தது. இருபத்தைந்து வருஷம் எதிரெதிரே இருந்திருக்கிறோம். இவ்வளவு பெரிய முட்டாளாக நான் இருந்திருக்க வேண்டாம்.

"ஏன்க்கா மறைச்சாரு? சொன்னா நாங்க என்ன சாப்பிட்டுடவா போறோம்?"

"பட்டாளத்துலேருந்து வந்ததும் ஒரு குடோன்ல வேலைக்குப் போனாரு. ஒரு காது மந்தம்னு தெரிஞ்சதும், பின்னாடி நின்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சிரிச்சிருக்காங்க. 'செவிடன் கடைன்னு பேர் வந்தா அன்னைக்கே பூட்டிடுவேன்'னாரு. நம்ம தெரு பேர் வைக்கிற லட்சணம் உங்களுக்குத் தெரியாதா?"

"அப்ப நாங்க பேசினதெல்லாம்?"

"வாயப் பாத்து முக்கால்வாசி புரிஞ்சுக்குவாரு. புரியலைன்னா 'சரி'ம்பாரு. நான் பின்னாடி உக்காந்து எல்லாத்தையும் கேட்டு வச்சுக்குவேன். மதியம் சோத்தப் போட்டு வச்சுக்கிட்டு, சத்தமில்லாம வாய மட்டும் அசைச்சு, ஒண்ணு விடாம சொல்லுவேன். யாரு என்ன சொன்னா, யாருக்கு என்ன நோவு, எவ எவகிட்ட அழுதான்னு. 'சரி' தப்பாப் போயிருந்தா மறுநாள் கூப்பிட்டுத் திருத்திக்குவாரு."

"எங்கம்மா இருமலு..."

"அது நான் கேட்டதுதான். ஆனா டாக்டர்கிட்ட அனுப்பணும்னு நினைச்சது அவரு. நான் சொல்லி முடிக்கலை, தட்டுல கைய உதறிட்டாரு."

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. என் மூளை வேலை செய்தது. "அப்ப கவலைய விடுங்கக்கா. அவர் சொன்னது காதுல விழாமச் சொன்ன சரி. அது எப்படி வாக்காகும்? கூட்டத்துல இத மட்டும் சொல்லிட்டா கடை உங்களுக்கு. கடை உங்களுக்கு வேணும்தான?"

"வேணும்." யோசிக்காமல் சொன்னார். "ஆனா அவன் கேட்டது என் காதுல விழுந்துச்சே தம்பி. அன்னைக்கு மதியம் எல்லாத்தையும் சொன்னேன். நர்ஸம்மா வீட்டுக் குழாய் ஒழுகுறது வரைக்கும் சொன்னேன். இத மட்டும் சொல்லல. முப்பத்தோரு வருஷத்துல நான் சொல்லாம விட்டது இது ஒண்ணுதான்."

"ஏன்க்கா?"

"பின்னாடி உக்காந்தே என் காலம் போச்சு. ஒரு நாளாவது அந்தத் தராசுக்கு முன்னாடி நான் நிக்கணும்னு இருந்துச்சு. மக வீட்டுக்குப் போனா என்ன பண்ணுவேன்? சோபாவுல உக்காந்து டிவி பாக்கணும். இங்க எனக்கு நூறு வீட்டுக் கதை தெரியும்."

"அத எதுக்கு வெளிய சொல்லணும்? காது விஷயத்த மட்டும் சொல்லுங்க. மத்தது யாருக்குத் தெரியப் போகுது?"

"உங்களுக்குத் தெரியுமே" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "அந்தச் 'சரி'யப் பிடிச்சுக்கிட்டுத்தான் அவன் குடிய விட்டான். அது சும்மா தலையாட்டினதுன்னு நான் சொல்லி, அவன் மறுபடி போய் விழுந்தான்னா? சொல்லலைன்னா கடை போகும். சொன்னா அவன் போயிடுவானோன்னு இருக்கு."

அக்கா குடையை விரித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போனார். அன்று ஒரு சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தேன். காது நன்றாகக் கேட்கிற நாங்கள், ஒருத்தர் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்கள் கதையை நடுவில் நுழைப்போம். காதே இல்லாத மனிதர் தினமும் நூறு பேருடைய வாயை உற்றுப் பார்த்து, விட்டுப்போனதைச் சோற்றோடு சேர்த்துக் கேட்டு, எங்களைத் தெரிந்துகொண்டிருக்கிறார். எவ்வளவு பெரிய உழைப்பு அது! அவரை முன்பைவிட எனக்கு இப்போதுதான் அதிகம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. பூட்டிய ஷட்டருக்கு முன்னால் ஒரு மேஜையில் அவர் போட்டோ. பட்டாளத்து உடையில், உதட்டை விட்டு ஏறி நிற்கிற மீசையோடு. வாடகை நாற்காலிகள் இரண்டு பக்கமும் தெருவை அடைத்துக்கொண்டிருந்தன. நர்ஸம்மா முதலில் பேசினார். "நாம பேசறத அவர மாதிரி காது குடுத்துக் கேட்டவங்க யாரும் இல்ல" என்று சொல்லி மேலே பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டார். பாதிப் பேர் அழுதார்கள். அக்கா குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டட ஓனர் சாவியோடு எழுந்தார். "பட்டாளத்தார் வார்த்தைக்கு மேல எனக்கு வார்த்தை இல்ல. கடைய இந்தப் பஞ்சருக்கு விடறதாச் சொன்னாராம். ஏம்மா, நெஜமா?"

அக்கா எழுந்து நின்றார். பஞ்சர் வெள்ளைச் சட்டை போட்டு முன்வரிசையில் இருந்தான்.

"சரின்னு சொன்னது நெஜம். ஆனா அவன் கேட்டது அவர் காதுல விழல. அவருக்கு ரெண்டு காதும் கேக்காது. நீங்க யாரு பேசினதும் கேட்டதில்ல."

அவர் காதைப் பற்றி என்னிடம் சொன்ன எல்லாவற்றையும் சொன்னார், நிதானமாக. நர்ஸம்மா வாயில் கை வைத்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசையிலிருந்து டீக்கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப அந்த டயரு?"

"தரை அதிருச்சாம். என்ன அதுன்னு மதியம் என்கிட்டத்தான் கேட்டாரு."

யாரோ ஒருத்தர் சிரித்தார். பிறகு தெருவே சிரித்தது. அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள், சிரித்தவர்கள் அழுதார்கள். எனக்கு இரண்டும் சேர்ந்து வந்தது. பஞ்சர் மட்டும் அசையவில்லை.

"நான் இன்னும் முடிக்கல" என்றார் அக்கா. "அவன் கேட்டத நான் கேட்டேன். அன்னைக்கு மதியம் அவர்கிட்ட சொல்லியிருக்கணும். வேணும்னேதான் சொல்லல. கடை எனக்கு வேணும்னு இருந்துச்சு."

பஞ்சர் முட்டியில் கையூன்றி எழுந்தான். "அக்கா, நீங்க சொல்லியிருந்தா அவர் என்ன சொல்லியிருப்பாரு?"

அந்த இடத்தில் அவர் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். மறுத்துப் பேச ஆள் இல்லை.

"குடுத்திருப்பாரு. என்னை ஒரு வார்த்தை கேக்காமத் தூக்கிக் குடுத்திருப்பாரு. அவர் குணம் உனக்குத் தெரியாதா? அதனாலதான் சொல்லல."

பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு ஓடியது. நர்ஸம்மா பலமாகத் தலையாட்டினார்.

"அப்ப சோப்பு?"

"நீ எப்பவும் அதுதான வாங்குவ. அதைத்தான் கேக்குறன்னு நினைச்சிருப்பாரு."

பஞ்சர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இவன் இப்போது கிளம்பி நேராகச் சாராயக் கடைக்குத்தான் போவான் என்று எனக்குப் பட்டது. பின்னாலேயே போய்ப் பிடிப்பதற்குச் செருப்பைக்கூட மாட்டிக்கொண்டேன். அவன் கிளம்பவில்லை.

"அன்னைக்கு நான் பண்ண சத்தியம் உங்களுக்குக் கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு. அழுதுகிட்டே சொன்ன."

"அப்ப ஒருத்தருக்குக் கேட்டிருக்குல்ல. அது போதும்." அவன் குரல் உடைந்தது. "கடைய நீங்களே வச்சுக்குங்கக்கா. அவர் எனக்கு எத வேணும்னாலும் குடுக்கலாம், உங்களுத எடுத்துக் குடுக்கக் கூடாதில்ல. எனக்கு உக்காந்து வேலை பாக்க ஒரு ஸ்டூலு, மழை படாத இடமாப் பாத்து."

"முன்பக்கம் இடது ஓரம் முழுசையும் எடுத்துக்க" என்றார் அக்கா. "கிரீசு மட்டும் சர்க்கரை மூட்டை பக்கம் வரக் கூடாது."

ஓனர் சாவியை நீட்டினார். வாங்கிக்கொண்டு அக்கா ஷட்டர் பக்கம் போவார் என்று எல்லாரும் வழிவிட்டோம். அவர் போகவில்லை. போட்டோவுக்கு முன்னால் போய் நேராக நின்று, முகத்தை நிமிர்த்தினார். உதடுகள் அசையத் தொடங்கின. சத்தமே இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் வாயை நன்றாகத் திறந்து, மூடி, அவசரமில்லாமல். நான்கு வருஷமாகத் தங்கிப்போனதை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் நின்று பார்த்தோம். வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழக்கமில்லாத எனக்கு, பஞ்சர் பேர் ஒன்றுதான் பிடிபட்டது.